ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடம்

வினோதா வேகமாகப் பேசுவாள். லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவளோடு கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். "ஒனக்குப் பின்னால யாரும் தொரத்திக்கிட்டு வாறாங்களா?" என்று கங்காணிகூடக் கேட்பார். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அப்படி இல்லை. ஒரு சங்கதியை எடுத்தால் அதற்கொரு முன்கதை, நடுவில் ஒரு சிரிப்பு, பிறகு "எங்க விட்டேன்?" என்று ஒரு கேள்வி என இழுத்து இழுத்துச் சொல்லுகிறவள். கப்பல்தான் அவளை மாற்றியது.

அவள் கணவன் நிரஞ்சன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் லாண்டரியில் வேலை செய்தவன். 2022இல் நாடே பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றபோது ஹோட்டலுக்கு ஆள் வருவது நின்றது. ஆறு மாதம் வீட்டில் இருந்தான். பிறகு கொழும்பில் ஓர் ஏஜென்சி வழியாக உல்லாசக் கப்பலொன்றில் வேலை கிடைத்தது. ஐரோப்பாவைச் சுற்றும் கப்பல், அதிலும் துணி வெளுக்கும் வேலைதான். மூவாயிரம் பேர் படுத்தெழும் விரிப்புகளும் துவாய்களும் தினமும் கீழ்த்தளத்துக்கு வரும். அவன் போகும்போது மகள் தனுஷிகாவுக்கு நாலு வயது.

முதல் வாரத்தில் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசினான்.

"கப்பல்ல நெட்டுக்கு காட் வாங்கணும் வினோதா. ஒரு காட் இருபது டொலர். போட்டதுமே மணி ஓட ஆரம்பிச்சிரும். படம் வந்தாலும் ஓடும், வராட்டியும் ஓடும். நேத்து ஒன்னைய எடுக்கப் பாத்தேன், சுத்திக்கிட்டே இருந்திச்சு. ஒரு வார்த்த பேசல, அர காட் போயிருச்சு."

"கப்பல்ல வாற பணக்காரங்களுக்குமா இப்பிடி?"

"அவங்க ஒரு நாளைக்கு முப்பது டொலர் கட்டிட்டு மேல நின்னு கத்துறாங்க. நடுக்கடல்ல கம்பியா இருக்கு? வானத்துல எங்கயோ இருக்குற ஒரு பெட்டிக்குப் போயிட்டுத்தான் பேச்சு திரும்பி வரணும்."

இருபது டொலர் என்றால் எத்தனை நாள் மலை ஏறி இறங்க வேண்டும் என்று வினோதாவின் மனம் தானாகவே கணக்குப் போட்டது. "வேணாங்க," என்றாள் உடனே. "தினமும் எடுக்காதீங்க. ஞாயித்துக்கெழம ஒரு பத்து நிமிஷம் போதும். நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

ஆமாம், அதைச் சொன்னவள் அவள்தான். பிறகு எத்தனையோ தடவை அவள் அதை நினைத்துப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி என்பது, தோட்டத்து வரிசைவீடான லயத்தில், அவள் காம்பராவில் கோயில் பூசை நேரம் மாதிரி ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகலாம்; எடுத்த கிலோவுக்கு அன்றைக்கே காசு கிடைக்கும். வினோதா போகமாட்டாள். காலையிலேயே தலைமுழுகி, பிள்ளைக்கு நல்ல சட்டை போட்டு, இஸ்தோப்புத் திண்ணையில் சிக்னல் நன்றாக வரும் மூலையில் போனோடு உட்கார்ந்துவிடுவாள். பத்து நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று சனிக்கிழமையே பிள்ளையின் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைப்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. கூரைத் தகரம் ஒழுகுவது. மாமியாருக்குச் சீனி வருத்தம் கூடியிருப்பது. பட்டியல் நீண்டால் சில வரிகளை வெட்டுவாள். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்தபடி பெயர் கூப்பிட்டு முடித்த கதை, தனுஷிகா பூனைக்குட்டிக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கப் போன கதை எல்லாம் முதலில் வெட்டுப்படும். காசு போகிற நேரத்தில் சிரிப்பு எதற்கு என்று நினைப்பாள். எஞ்சியதை மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பாள். அப்படித்தான் அந்த வேகம் அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

கொழுந்து மலையில் தேத்தண்ணி நேரத்தில் மற்றப் பெண்கள் கேட்பார்கள். "என்னடி, ஓம் புருஷன் வாரத்துக்கு ஒருக்காத்தான் பேசுறாரா?" வினோதா விளக்குவாள். காட் விலை, மணி ஓடுவது, வானத்துப் பெட்டி, பேசிய பேச்சு போய்ச் சேர்ந்து திரும்பி வர எடுக்கும் நேரம், எல்லாவற்றையும். அவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கப்பல் அவளுக்கும் கொஞ்சம் சொந்தமானது போல.

ஒன்பது மாதம் கழித்து நிரஞ்சன் வந்தான். தாய் அம்மாக்கண்ணுவுக்குப் பெரிய திரையுள்ள போன் ஒன்று கொண்டுவந்தான். அம்மாக்கண்ணு பென்சன் எடுத்துவிட்டு அதே லயத்தின் கோடிக் காம்பராவில் தனியாக இருந்தாள். "கெழவிக்கு எதுக்குடா இது?" என்றாள். "பாட்டுக் கேளும்மா," என்றான். மூன்று மாதத்தில் இரண்டாவது ஒப்பந்தத்துக்குப் போனான். இந்தத் தடவை எட்டு மாதம் என்று போனவன், முடியும்போது கொம்பனி விடவில்லை என்று இன்னும் நாலு மாதம் நீட்டினான்.

இரண்டாவது பயணத்தில் லைன் இன்னும் மோசமாகிவிட்டதாக வினோதாவுக்குப் பட்டது. முன்பெல்லாம் துறைமுகத்தில் இறங்கி, ஏதாவது கடை வாசலில் நின்று பேசுவான். இப்போது கீழே இறங்க நேரமில்லை என்று லாண்டரியில் இருந்தே எடுத்தான். நாலைந்து நிமிடம் நன்றாகப் போகும். பிறகு அவன் முகம் அப்படியே நின்றுவிடும். வாய் பாதி திறந்திருக்கும், கண் ஒரே இடத்தில் இருக்கும். "ஹலோ, ஹலோ, கேக்குதாங்க?" என்று அவள் கத்துவாள். கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடும். பிறகு ஒரு செய்தி வரும். லைன் இல்ல, அடுத்த ஞாயிறு பேசுறேன். அவள் தன்னைத்தான் நொந்துகொள்வாள். முக்கியமானதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டியலைத் திருப்பி எழுதுவாள்.

பெப்ரவரியில் தனுஷிகாவுக்கு நிமோனியா வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. தூக்கிக்கொண்டு ஆட்டோவில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஐந்து நாள் வார்ட்டில் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பதினான்கு குரல் செய்திகள் அனுப்பினாள். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. ஒற்றைச் சரி அடையாளத்தோடு எல்லாம் அப்படியே நின்றன. நடுக்கடலில் இருக்கிறான், பாவம் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை பிள்ளை கண் திறந்து, "அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டது. "தெரியாதுடா செல்லம். தெரிஞ்சா கடல்ல குதிச்சு வந்திருவாரு," என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக்கு அவன் எடுத்தான். "இப்பத்தான் எல்லா மெசேஜும் விழுகுது, என்னாச்சு புள்ளைக்கு?" என்று பதறினான். அந்தப் பதற்றத்தைப் பார்த்து அவள் அழுதாள். அவன்மேல் அவளுக்கு அன்று வந்த அன்புக்கு அளவே இல்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. வினோதா அவனிடம் அடுத்த மாதமாவது வந்துவிடுவானா, வந்தால் இனி இங்கேயே இருப்பானா என்று கேட்டாள். முகம் நின்றது. "ஹலோ, ஹலோ," என்றாள். மடியில் இருந்த தனுஷிகா திரையைத் தொட்டுக் காட்டியது.

"அம்மா, அப்பா நின்னுட்டாரு. மிஷின் மட்டும் சுத்துது."

வினோதா பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் பெரிய வட்டக் கண்ணாடிக் கதவு. அதற்குள் வெள்ளைத் துணிகள் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தன. அவன் முகம் மட்டும் அசையாமல் இருந்தது. பிறகு அறுந்தது.

அன்று அவள் ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்று சொல்லவேண்டும். வானத்துப் பெட்டியில் ஏதோ கோளாறு, பாதிப் படம் மட்டும் வருகிறது என்று பிள்ளையிடம் சொன்னாள். ஆனால் மறுநாள் கொழுந்தெடுக்கையில் அந்தத் துணிகள் கண்ணுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன. முகமும் மிஷினும் ஒரே படம்தானே? நின்றால் இரண்டும் நிற்க வேண்டாமா?

அந்தச் சனிக்கிழமை சாமான் வாங்கத் தலவாக்கலைக்குப் போனாள். மஃறூப் நானாவின் போன் கடையில்தான் அவளுக்கும் மாமியாருக்கும் ரீலோட் போடுவாள். மஃறூப் நானாவின் தங்கை மகன் ஷிஹாமும் கப்பலில் வேலை செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும். நிரஞ்சனின் கொம்பனிதான், கப்பல் வேறு.

"மாமியார்ட டேட்டா திரும்பவும் முடிஞ்சா?" என்று சிரித்தார் மஃறூப் நானா. "போன கிழமதானே போட்ட. பாட்டுக் கேட்டு இவ்வளவு முடியுமா தங்கச்சி?"

வினோதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நானா, ஷிஹாம் தம்பி எப்பிடிப் பேசுறாரு? கப்பல்ல படம் பாதியில நின்னுபோகுமா?"

"எங்கட தங்கச்சி ஊட்ல, நடுக்கடல்ல இருந்து அவன் பேசுற பேச்சு நிக்கவே நிக்காது. நில்லுங்க, அவனயே கேப்போம்." அவர் அப்போதே எடுத்துவிட்டார்.

இரண்டு தடவை மணி அடித்ததும் ஷிஹாம் திரையில் வந்தான். பின்னால் கடல் மின்னியது. பல் துலக்கிக்கொண்டிருந்தான், துலக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. வினோதா விசாரித்ததைக் கேட்டுவிட்டு அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான்.

"அது அந்தக் காலம் அக்கா. இப்ப புதுசா தாழப் பறக்குற சாட்டிலைட் வந்திருக்கே. போன வருஷமே எங்கட கொம்பனி எல்லாக் கப்பலுக்கும் போட்டுட்டாங்க. வேல செய்றவங்களுக்குத் தனி விலை. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு டொலர்தான். பாசஞ்சருக்குத்தான் இன்னமும் கூட. எங்களுக்கு மாசத்துக்குக் கட்டினா இன்னும் கொறவு. நாள் பூரா ஓடும், மணிக்கணக்கெல்லாம் இல்ல."

"லாண்டரியில? கீழ்த்தளத்துல?"

"அங்கதான் அக்கா நல்லாவே வருது. ஏன், நிரஞ்சன் அண்ணன் பேசுறல்லயா?"

மஃறூப் நானா சட்டென்று போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "செரி செரி, பொறகு எடுக்கிறேன்," என்று வைத்துவிட்டார். "சில கப்பல்ல இன்னும் போட்டிருக்க மாட்டாங்க," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் தலையாட்டினாள். இறங்கிப் போய் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் மாமியாரின் டேட்டாவுக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அந்த நினைவோடு இன்னொன்றும் வந்தது. பாட்டுக் கேட்டு இவ்வளவு முடியுமா என்று மஃறூப் நானா கேட்ட கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போய், தலைவலி என்று கங்காணியிடம் சொல்லி, அரைநாள் சம்பளமான அரைப் பேரையும் விட்டுவிட்டுப் பத்து மணிக்கே லயத்துக்குத் திரும்பினாள். எல்லோரும் மலையில் இருக்கும் நேரம். லயம் வெறிச்சோடிக் கிடந்தது. கோடிக் காம்பராவை நெருங்கும்போதே அந்தச் சிரிப்புக் கேட்டது.

நிரஞ்சனின் சிரிப்பு. தொண்டையிலிருந்து வந்து மூக்கில் முடியும் அவன் சிரிப்பு. அதைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டதென்று அந்த நொடியில்தான் அவளுக்குத் தெரிந்தது. சேலைக்கு மேல் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் சுவரோரம் நின்றாள்.

"...அந்தப் பிலிப்பைன்ஸ்காரன் இருக்கான்ல, கப்டனோட வெள்ளச் சட்டைய செவப்புத் துணியோட போட்டுட்டாம்மா. எல்லாம் ரோஸ் கலர்!"

"ஐயையோ! அப்பறம்?" அம்மாக்கண்ணு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவன் சொல்லிக்கொண்டே போனான். முன்கதை, பின்கதை, நடுவில் சிரிப்பு. எங்கும் அறுபடவில்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டான். முருங்கைக்காய் என்றாள் தாய். எத்தனை காய் போட்டாய் என்று அதையும் கேட்டான். வினோதா நின்றுகொண்டே இருந்தாள். கால் மரத்துப்போனது. முக்கால் மணி நேரம் இருக்கும். கடைசியில் "நாளைக்கு இதே நேரம்," என்று சொல்லி வைத்தான்.

வெற்றிலை துப்ப வெளியே வந்த அம்மாக்கண்ணு அவளைக் கண்டாள். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டாள்.

"எவ்வளவு நாளா அத்தை?"

அம்மாக்கண்ணு கதவைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. "போன தீவாளியிலருந்து. புது போன் வாங்கியிருக்கான். பழசை ஞாயித்துக்கெழம மட்டுந்தான் போடுவானாம். அவந்தான் சொல்லாதன்னான் வினோதா. ஒனக்குத் தெரிஞ்சா தெனமும் ஊட்டுப் பிரச்சனையச் சொல்லுவ, வேல ஓடாதுன்னான்."

"பிள்ள ஆஸ்பத்திரியில இருந்தப்போ?"

மாமியார் உள்ளே போகத் திரும்பினாள்.

"அத்தை, ஒங்களத்தான். பிள்ள ஆஸ்பத்திரியில இருந்தப்போ அவருக்குத் தெரியுமா?"

"புதன்கெழமையே சொல்லிட்டேன். டாக்டர் பயமில்லன்னுட்டாருன்னுதானே சொன்னேன். அங்கருந்து அவன் என்ன செய்ய ஏலும்?"

வினோதா தன் காம்பராவுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். எதற்குப் பற்ற வைத்தோம் என்று தெரியாமல் அணைத்தாள். அழுகை வரவில்லை. பதினான்கு செய்திகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். முதல் செய்தியில் அவள் குரல் நிதானமாக இருந்தது. ஒன்பதாவதில் "எங்கயாவது கரையில இருந்தா ஒரு தடவ எடுங்க, எனக்குப் பயமா இருக்கு," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். கேட்கச் சகிக்கவில்லை. ஆனாலும் பதினான்கையும் கேட்டுத்தான் முடித்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாமியாரும் சொல்லவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அவன் வழக்கம்போல ஒன்றரைக்கு எடுத்தான். தனுஷிகாவைப் பக்கத்துக் காம்பரா லோஜினியின் வீட்டில் விட்டிருந்தாள். கையில் கொப்பி இல்லை.

"எப்பிடி இருக்க? காட் முடியப்போகுது, சீக்கிரம் சொல்லு," என்றான்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பெப்ரவரியில பிள்ளைக்கு முடியாமப் போனது ஒங்களுக்கு எந்தக் கெழம தெரியும்?"

அவன் கண்ணில் ஒரு சின்ன அசைவு. அடுத்த நொடி முகம் நின்றது. பாதி திறந்த வாய். பின்னால் வட்டக் கண்ணாடிக்குள் துணிகள் ஏறி விழுந்தன.

அவள் "ஹலோ" சொல்லவில்லை. போனைத் தண்ணிக் குடத்தில் சாய்த்து வைத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"லைன் நின்னுபோச்சு போல. பரவால்ல, அப்பிடியே இருங்க. நான் பேசி முடிச்சிர்றேன்."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் மெதுவாகப் பேசினாள்.

"செவ்வாக்கெழம மத்தியானம் பிள்ளைக்கு மூச்சு வாங்கிச்சு. ஒதடு நீலமா இருந்திச்சு. ஆட்டோவுல போறப்ப எம் மடியில அதோட தல தொங்கிக் கெடந்திச்சு. நான் ஒங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டுப் போனேன், சாமி பேரைக்கூடச் சொல்லல. புதன்கெழம ஒங்க அம்மா ஒங்ககிட்டச் சொல்லிட்டாங்க. நீங்க வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் அவங்களோட பேசியிருக்கீங்க. வெள்ளிக்கெழம பிள்ள என்னையக் கேட்டிச்சு, அப்பாவுக்குத் தெரியுமான்னு. தெரியாதுன்னேன். தெரிஞ்சா குதிச்சு வந்திருவாருன்னேன். காய்ச்சல்ல கெடந்த பிள்ளைகிட்ட என்னைய பொய் சொல்ல வச்சிட்டீங்க."

அவன் அசையவில்லை. ஆனால் இமை துடித்தது. அடக்க அடக்க மறுபடியும் துடித்தது.

அப்போது பின்னால் மிஷின் சுற்றி முடிந்து நின்றது. யாரோ ஒருவன் தள்ளுவண்டியோடு படத்துக்குள் வந்தான். கதவைத் திறந்து துணிகளை இழுத்துப் போட்டான். நிரஞ்சனை ஒரு மாதிரியாகப் பார்த்து, தோளில் ஒரு தட்டுத் தட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனான். தட்டிய தட்டில் நிரஞ்சனின் தோள் குலுங்கியது. அப்போதும் அவன் வாயைப் பாதி திறந்தபடியே வைத்திருந்தான்.

வினோதாவுக்கு அவனைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தன்னைவிட அவனுக்காகக் கூசியது.

"போதுங்க. வாய் வலிக்கும்," என்றாள்.

அவன் வாய் மூடியது. "வினோதா... நான் என்ன அப்பிடித் தப்புப் பண்ணிட்டேன்? வேற பொம்பளகூடயா பேசினேன்? பெத்த தாயோடதானே பேசினேன்?"

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

அந்தக் கேள்விதான் பிறகு அவளை வாட்டியது. வேறொரு பெண் என்றால் லயத்தில் நாலு பேர் அவள் பக்கம் நின்று திட்டுவார்கள். அந்தக் குற்றத்துக்கு ஒரு பெயர் உண்டு. இதற்கு என்ன பெயர்? தாயோடு பேசினான் என்று யாரிடம் போய் முறையிடுவது? காசு ஒழுங்காக அனுப்பினான். குடிப்பதில்லை. அவளோடு பேசப் பிடிக்காமல் கடலையும் வானத்தையும் சாட்சிக்கு வைத்துப் பொய் சொன்னான், அவ்வளவுதான்.

ஓகஸ்டில் அவன் வீட்டுக்கு வந்தான். சொக்லேட், பிள்ளைக்குப் பொம்மைக் கப்பல், வினோதாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை. இரண்டு நாள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு, மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் அவள் துணி துவைக்கும்போது தானும் ஒரு போர்வையைப் பிழிய வந்தான்.

"ஒன்கிட்டப் பேசினா எல்லாத்துக்கும் நான் ஒரு முடிவு சொல்லணும்," என்றான். "கூரை, ஸ்கூல், ஆஸ்பத்திரி, எப்ப வருவ, எப்ப நிப்பாட்டுவ. பன்னெண்டு மணி நேரம் அந்தச் சூட்டுல நின்னுட்டு வந்து அதையெல்லாம் கேக்க எனக்கு ஏலல. அம்மா ஒண்ணுமே கேக்க மாட்டா. சிரிச்சிட்டு வச்சிரலாம். நீ சிரிக்கிற மாதிரி ஒண்ணும் சொன்னதே இல்லியே."

வினோதா கையிலிருந்த துணியைக் கல்லில் வைத்தாள்.

"எங்கிட்டயும் சிரிக்கிற கதை இருந்திச்சு. வாரா வாரம் எழுதி வச்சு வெட்டிப்போட்டேன். நிமிஷத்துக்குக் காசுன்னு சொன்னது நீங்க."

அவன் பிழிந்த போர்வையை வைத்துக்கொண்டு நின்றான். தண்ணீர் அவன் காலில் சொட்டியது. மன்னிப்புக் கேட்டான். அழுதான்கூட. அது பொய்யழுகை இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் முகத்தில் எதைப் பார்த்தாலும், அது அசைந்தாலும் அசையாவிட்டாலும், அதை நம்புவதற்கு முன் அவளுக்கு ஒரு நொடி தாமதமானது. அந்த ஒரு நொடி பிறகு போகவே இல்லை.

அவள் அவனை விட்டுப் போகவில்லை. போக இடமில்லாமல் அல்ல. கொத்மலையில் அண்ணன் வீடு இருந்தது, வரச் சொல்லி ஆளனுப்பினான். பிள்ளைக்கு அப்பா வேண்டும் என்று இருந்துவிட்டாள். அம்மாக்கண்ணுவை மாதாமாதம் சீனிக்குக் கிளினிக் கூட்டிப்போவதையும் நிறுத்தவில்லை. ஆனால் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தாலும் பேச்சு இருக்காது. ஒரு நாள் கிழவி, "என்னைய ரெண்டு திட்டாவது திட்டிப்புடு," என்றாள். வினோதா டிக்கட் காசை எடுத்துக் கொடுத்தாள்.

நவம்பரில் நிரஞ்சன் மூன்றாவது தடவை கப்பலேறினான். இப்போது தினமும் எடுக்கிறான். ஒரே போன்தான் என்று இரண்டு சிம்மையும் காட்டிவிட்டுத்தான் போனான். வினோதா நேரமிருந்தால் எடுப்பாள், இல்லாவிட்டால் பிள்ளையிடம் கொடுப்பாள். உண்மையாகவே லைன் நின்றுபோகும் நாட்களும் உண்டு. எது நிஜம், எது நடிப்பு என்று அவள் பின்னால் இருப்பதைத் தேடிப் பார்ப்பதில்லை. வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் லோஜினி ஒரு செய்தி சொன்னாள். அவள் புருஷனுக்கும் கப்பலில் இடம் கிடைத்துவிட்டதாம். "ஆனா அங்க நெட்டு ரொம்ப வெலயாம்ல? மாசத்துக்கு ரெண்டு தடவதான் பேச ஏலுமாம். இவருதான் சொன்னாரு. வினோதாக்காவுக்குத்தான் அதெல்லாம் நல்லாத் தெரியும்."

எல்லோரும் வினோதாவைப் பார்த்தார்கள். இத்தனை நாள் அவர்களுக்குக் காட் விலையும் வானத்துப் பெட்டியும் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"நான் சொன்னது தப்பு," என்றாள். ரொட்டியைச் சுற்றியிருந்த கடதாசியை மடித்தாள். "மொதல்ல அப்பிடித்தான் இருந்திச்சு. இப்ப இல்ல. கப்பல்ல வேல செய்றவங்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு டொலர். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பேசலாம். படம் தெளிவா வரும்."

"அப்ப ஒங்க வீட்டுக்காரரு ஏன்..." என்று லோஜினி தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்கையைத் தொட்டாள். லோஜினி நிறுத்திக்கொண்டாள்.

"கேளு, பரவால்ல," என்றாள் வினோதா. "அவரு பேச விரும்பல. வெலையினால இல்ல."

கீழே கங்காணி நேரமாகிவிட்டது என்று சத்தம் போட்டார். வினோதா முதலில் எழுந்து, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குள் இறங்கினாள்.